பழுது எங்கே?



பள்ளித் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் மோட்டார் காரின் மின்கம்பிகளைப் பற்றிப் பேச வந்திருக்கின்றானே என்று உங்களுள் சிலர் வியக்கக்கூடும். நான் மெக்கானிக் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பௌதிகமும் கணிதமும் கற்பித்தவன். ஆயினும், கரும்பலகையில் எழுதி எழுதி அழித்த ஒரு சிறு சூத்திரத்தின் பயனை, ஓய்வு பெற்ற பின்னர் ஒரு பட்டறையின் வாசலில் நின்றுதான் நான் நன்கு உணர்ந்தேன். அதற்கு நான் கொடுத்த விலை சிறிது. வேறொருவன் கொடுத்த விலை பெரிது. அந்த நிகழ்ச்சியையும் அதனுள் அடங்கிய அறிவியலையும் இன்று உங்களுக்குச் சொல்ல எண்ணுகின்றேன்.

2018-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றதும், பிறரிடமிருந்து ஒரு பழைய சிறு காரை விலைக்கு வாங்கினேன். ஓராண்டு நன்றாகவே ஓடிற்று. பிறகு ஒரு தொல்லை தொடங்கியது. சாலைச் சந்திப்பில் வேகத்தைக் குறைத்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சிற்சில வேளைகளில் எஞ்சின் நின்றுவிடும். சாவியைத் திருப்பினால் மீண்டும் ஓடும். சில நாட்கள் ஒன்றும் நேராது. சில நாட்கள் நான்கு முறை நிற்கும்.

பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் வண்டியை விட்டேன். அங்கே தொழில் பழகிவந்த பதினெட்டு வயது இளைஞன் ஒருவன், எஞ்சினுக்குக் காற்றுச் செல்லும் வாயைக் கழற்றித் துப்புரவு செய்து பூட்டினான். மறுநாளும் வண்டி நின்றது. பட்டறை உரிமையாளர் பார்த்துவிட்டு, "த்ராட்டில் ஸ்விட்ச் கெட்டுவிட்டது. பையன் துப்புரவு மருந்தை அதன்மேல் அடித்துக் கெடுத்துவிட்டான்," என்றார். புதிய ஸ்விட்ச் நான்காயிரம் ரூபாய். அதில் பாதியை நான் கொடுப்பது என்றும், மறுபாதியை அந்த இளைஞனின் ஊதியத்தில் பிடித்துக்கொள்வது என்றும் முடிவாயிற்று. "நான் அதன்மேல் அடிக்கவில்லை, ஐயா," என்று அவன் என்னைப் பார்த்துச் சொன்னான். நான் மறுமொழி கூறவில்லை. வாழ்நாளெல்லாம் மாணவர்களின் சாக்குகளைக் கேட்டுப் பழகிய செவிக்கு அதுவும் ஒரு சாக்காகவே பட்டது.

புதிய ஸ்விட்ச் பூட்டியபின் வண்டி செவ்வனே ஓடிற்று. பட்டறைக்காரர் கூறியதே உண்மை என்று எண்ணிக்கொண்டேன். பத்து நாட்கள் கழித்து, மே மாதத்தில், மனைவியையும் பேரனையும் அழைத்துக்கொண்டு ஏற்காட்டுக்குச் சென்றேன். சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. போகும்போது ஒன்றும் நேரவில்லை. இறங்கும்போது ஒரு வளைவுக்கு முன்னே கியரை மாற்றக் கிளட்சை மிதித்தேன். எஞ்சின் நின்றது.

இறக்கத்தில் எஞ்சின் நிற்பது எத்தகைய ஆபத்து என்பதை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். காரின் பிரேக்குக்கு எஞ்சினின் உறிஞ்சு விசை துணை செய்கின்றது. எஞ்சின் நின்ற பிறகு, சேமிப்பில் உள்ள துணை சில மிதிகளுக்குத்தான் வரும். அதன்பின் பிரேக் கல்லைப்போல் இறுகிவிடும். எங்கள் நல்வினை, முதல் மிதியிலேயே வண்டியை மலைச்சரிவின் பக்கமாக ஒதுக்கிக் கைப்பிரேக்கையும் இழுத்து நிறுத்த முடிந்தது. பேரன் ஒன்றும் அறியாமல் குரங்குகளை எண்ணிக்கொண்டிருந்தான். என் கைகள் நடுங்கின.

ஊர் திரும்பியதும், என்னிடம் பயின்று, பின்னர் தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்துச் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவரிடம் சென்றேன். அவர் செய்த சோதனையைத்தான் இனி விளக்கப்போகின்றேன். அதற்கு முன் அந்த ஸ்விட்ச் இன்னதென்று அறிந்துகொள்வோம்.

எஞ்சினுக்குச் செல்லும் காற்றுக் குழாயின் நடுவே வட்டமான தட்டு ஒன்று அச்சில் சுழலும்படி அமைந்திருக்கின்றது. இதுவே த்ராட்டில். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் தட்டுத் திறக்கும். காலை எடுத்தால் மூடிக்கொள்ளும். கார்புரேட்டர் இருந்த காலத்தில் காற்றின் ஓட்டமே பெட்ரோலை இழுத்துச் சென்றது. பெட்ரோலை மின்னணுக் கருவியின் ஆணைப்படி அளந்து பீச்சும் முறை வந்தபின், தட்டு எந்த நிலையில் இருக்கின்றது என்பதை அக்கருவிக்கு அறிவிக்க ஒரு தூதன் தேவைப்பட்டான். ஜெர்மனி நாட்டு பாஷ் நிறுவனத்தார் அமைத்த அத்தகைய முறை 1967-ஆம் ஆண்டில் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வெளிவந்தது. அடுத்த பத்தாண்டில் வந்த கார்கள் பலவற்றில் அத்தூதன் எளிய ஸ்விட்சாகவே இருந்தான். அதனுள் இரண்டு தொடுமுனைகள். தட்டு மூடியிருக்கும்போது ஒன்று தொடும். தட்டு ஏறக்குறைய முழுதும் திறந்தபோது மற்றொன்று தொடும். இடைப்பட்ட நிலையில் இரண்டும் தொடா. "ஓய்வு", "முழு வேகம்", "இடைநிலை" என்னும் மூன்று செய்திகளை இரண்டு தொடுமுனைகளால் அறிவித்த திறனை எண்ணிப் பாருங்கள்.

நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டையொட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானபின் இம்முறை சிறு கார்களிலும் பரவலாயிற்று. அதற்குள் ஸ்விட்சுடன் மாறுதடை ஒன்றும் சேர்ந்துகொண்டது. தட்டு திறக்கத் திறக்க மின்னழுத்தம் படிப்படியாக ஏறும். அதைக்கொண்டு தட்டின் நிலையைத் துல்லியமாக அறியலாம். என் காரில் இருந்தது இந்த இருவகையும் ஒரே கூட்டுக்குள் அமைந்தது. அதனிடமிருந்து நான்கு கம்பிகள் செல்லும்: ஐந்து வோல்ட் மின்னழுத்தத்தைக் கொண்டுவரும் கம்பி ஒன்று, தட்டின் நிலையை அறிவிக்கும் கம்பி ஒன்று, "ஓய்வு" ஸ்விட்சின் கம்பி ஒன்று, எர்த் கம்பி ஒன்று. இக்காலத்துப் புதிய கார்கள் பலவற்றில் தனியே ஸ்விட்ச் இல்லை. மாறும் மின்னழுத்தத்தைக் கொண்டே ஓய்வு நிலையையும் அறிந்துகொள்கின்றன.

"ஓய்வு" ஸ்விட்சின் வேலை யாது? தட்டு மூடியதும் அது தொட்டு, "ஓட்டுநர் காலை எடுத்துவிட்டார்" என்று கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அறிவிக்கின்றது. உடனே பெட்டி, பக்க வழியாகச் சிறிதளவு காற்றை விட்டு எஞ்சினை நிற்காமல் காக்கின்றது. இச்செய்தி வராவிட்டால், ஓட்டுநர் இன்னும் மிதித்துக்கொண்டிருக்கின்றார் என்று எண்ணி, பெட்டி வாளாவிருக்கும். எஞ்சின் தள்ளாடி நிற்கக்கூடும். இதற்கு மாறாக, அந்த ஸ்விட்ச் எப்போதும் தொட்டபடியே இருந்துவிட்டால், வண்டி வேகமெடுக்கும்போது, "கால் எடுத்திருக்கின்றது; ஆயினும் எஞ்சின் விரைந்து சுழல்கின்றது; ஆகவே வண்டி இறக்கத்தில் செல்கின்றது" என்று பெட்டி கருதிப் பெட்ரோலை நிறுத்திவிடும்; வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். ஒரே உறுப்பில் இரண்டு பொய்கள். இரண்டிற்கும் அறிகுறிகள் வேறு வேறு.

இனி, சோதனைக்கு வருவோம். என் மாணவர் எடுத்த எடுப்பில் எதையும் கழற்றவில்லை. "வண்டி எப்போது நிற்கின்றது, ஐயா? எஞ்சின் சூடான பிறகா, முன்னேயா? மேடு பள்ளத்தில் குலுங்கிய பிறகா? புதிய பாகம் பூட்டியபின் எத்தனை நாள் நன்றாக ஓடியது?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பின்னர், "பழைய ஸ்விட்ச் எங்கே?" என்றார். பட்டறைக்காரர் திருப்பித் தந்திருந்த அது வண்டியின் பெட்டியிலேயே கிடந்தது. அதை எடுத்து மேசைமேல் வைத்தார்.

மல்டிமீட்டரை ஓம் அளவுக்குத் திருப்பினார். ஒன்றை இங்கே நினைவில் வையுங்கள். மின்தடையை அளக்கும்போது அச்சுற்றில் வேறு மின்னோட்டம் இருத்தலாகாது. சாவியை அணைத்து, ஸ்விட்சின் கப்ளரைக் கழற்றிய பின்னரே ஓம்மீட்டரை வைக்க வேண்டும். இல்லையேல் அளவும் பிழையாகும்; மீட்டருக்கும் கேடு விளையும்.

ஓய்வு முனைக்கும் எர்த் முனைக்கும் இடையே மீட்டரின் இரு கம்பிகளையும் வைத்தார். அச்சு மூடிய நிலையில் இருந்தபோது தடை ஏறத்தாழச் சுழி. அதாவது ஸ்விட்ச் தொட்டிருக்கின்றது. அச்சைச் சற்றே திருப்பினார், தடை எல்லையற்றதாயிற்று, ஸ்விட்ச் விட்டுவிட்டது. பிறகு மாறுதடையின் முனைகளில் முள்மீட்டரை வைத்து, அச்சை மிக மெதுவாகத் திருப்பினார். முள் எங்கும் துள்ளாமல் சீராக ஏறிற்று, சீராகவே இறங்கிற்று. தேய்ந்த இடம் இருந்தால் அவ்விடத்தில் முள் துள்ளும். அதே சோதனையை, வண்டியில் பூட்டியிருந்த புதிய ஸ்விட்சுக்கும் செய்தார். தட்டின் நெம்புகோலுக்கும் அதன் தடுப்புத் திருகுக்கும் இடையே ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டைச் செருகி, தொடுதலும் விடுதலும் உரிய இடத்தில் நிகழ்கின்றனவா என்பதையும் பார்த்தார். தகட்டின் கனம் வண்டிக்கு வண்டி மாறுபடும். அந்தந்த வண்டியின் கையேட்டில் கண்டபடி கொள்ள வேண்டும்.

பிறகு என்னைப் பார்த்து, "ஐயா, புதியதும் நன்றாக இருக்கின்றது, பழையதும் நன்றாகவே இருக்கின்றது. இதை எதற்காக மாற்றினார்கள்?" என்று கேட்டார்.

எனக்கு அந்த இளைஞனின் முகம் நினைவுக்கு வந்தது.

ஸ்விட்சில் பழுதில்லை என்றால், அது சொல்லும் செய்தி போகும் வழியில் பழுது இருக்க வேண்டும். கப்ளரைக் கழற்றியபடியே சாவியைப் போட்டு, கம்பிப் பக்கத்து முனைகளில் மின்னழுத்தத்தை அளந்தார். இதற்கு அவர் எண்மீட்டரைப் பயன்படுத்தினார். அது மிகச் சிறிய மின்னோட்டத்தையே தனக்கென எடுத்துக்கொள்ளும் ஆதலின், பெட்டியின் நுட்பமான சுற்றுகளுக்கு ஊறு செய்யாது. பல்பு பூட்டிய சோதனை விளக்கை அவ்விடத்தில் வைத்தல் கூடாது. அது இழுக்கும் மின்னோட்டத்தைப் பெட்டி தாங்காது. மின்னழுத்தம் வரும் முனையில் ஐந்து வோல்ட் இருந்தது. எர்த் சரியாக இருந்தது. ஓய்வு ஸ்விட்சின் கம்பியிலும், பெட்டியிலிருந்து வரவேண்டிய மின்னழுத்தம் குறைவின்றி வந்தது.

எல்லாம் சரி! அவசரக்காரராயின் அந்த இடத்தில் சோதனையை முடித்திருப்பார். இவரோ, "நிற்கிற வண்டியில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், ஐயா. குலுங்கும்போது அல்லவா பழுது வருகின்றது? நாமும் குலுக்கிப் பார்ப்போம்," என்றார். எஞ்சினை நன்கு சூடாக்கி அணைத்தார். மீண்டும் மீட்டரை வைத்து, கம்பிக் கட்டைச் சாண் சாணாகப் பிடித்து மெல்ல அசைத்துக்கொண்டே சென்றார். எஞ்சின் மேலுள்ள இரும்புத் தாங்கி ஒன்றைச் சுற்றிக் கம்பிக் கட்டு வளைந்து செல்லும் இடத்திற்குக் கை வந்ததும் மின்னழுத்தம் மறைந்தது. கையை எடுத்ததும் மீண்டும் வந்தது.

இதனை வேறொரு வழியாலும் உறுதி செய்தார். பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றினார். கட்டுப்பாட்டுப் பெட்டியின் கப்ளரையும் கழற்றினார். இப்போது அக்கம்பியின் இரு நுனிகளும் தனித்து நின்றன. இரு நுனிகளுக்கும் இடையே முள்மீட்டரை வைத்தார். முள்மீட்டர் ஏனெனில், கணப்பொழுதில் வந்து போகும் மாற்றத்தை எண்மீட்டர் காட்டத் தவறினாலும், முள்ளின் துள்ளலைக் கண் தவறவிடாது. அசையாதபோது தடை ஓர் ஓமுக்கும் குறைவு. வளைவில் அசைத்தபோது முள் எல்லையற்ற தடைக்குத் தாவியது. அக்கம்பிக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே அளந்தார். அங்கே தொடர்பே இல்லை. ஆகவே கம்பி உடலில் உரசி எர்த் ஆகவில்லை. உள்ளே அறுந்திருக்கின்றது என்பது தெளிவாயிற்று.

மேலுறையைப் பிரித்தார். பிளாஸ்டிக் உறையில் ஒரு கீறல்கூட இல்லை. உறையை வெட்டியபோது, உள்ளே செம்பு இழைகள் முழுதும் அறுந்து, நுனிகள் கறுத்து, ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன. எஞ்சின் அதிரும்போது அவை விலகும். அடங்கும்போது மீண்டும் முட்டும். புதிய ஸ்விட்ச் பூட்டியபின் பத்து நாட்கள் வண்டி நன்றாக ஓடியதற்கும் காரணம் இதுவே. கப்ளரைக் கழற்றி மாட்டுகையில் கம்பி அசைந்து, நுனிகள் தற்செயலாக நன்கு பொருந்திக்கொண்டன. புகழ் புதிய ஸ்விட்சுக்குப் போயிற்று. பழி அந்த இளைஞனுக்குப் போயிற்று.

மாணவர்களே, பத்தாம் வகுப்பில் நீங்கள் படிக்கும் ஓம் விதியை இவ்விடத்தில் நினைவுகூருங்கள். மின்னழுத்தம் = மின்னோட்டம் × தடை. இவ்விதியை 1827-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட ஜார்ஜ் சைமன் ஓம், ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து, பொறுமையுடன் அளந்து அளந்தே அவர் இதனைக் கண்டார். உரிய மதிப்பு அவருக்கு உடனே கிட்டவில்லை. 1841-ஆம் ஆண்டில்தான் இலண்டன் ராயல் சங்கத்தார் காப்ளி பதக்கம் அளித்துச் சிறப்பித்தனர்.

இவ்விதி ஓர் எச்சரிக்கையையும் தருகின்றது. ஒரு கம்பியில் இருபது இழைகளில் ஒன்று மட்டுமே அறாமல் இருப்பதாகக் கொள்ளுங்கள். மின்னோட்டம் ஏறக்குறைய இல்லாதபோது, மின்னோட்டம் × தடை என்பதும் ஏறக்குறையச் சுழியே. ஆகவே மின்னழுத்தம் குறைவின்றி இருப்பதாகவே மீட்டர் காட்டும். பளு வந்தால்தான் கம்பியின் மெலிவு வெளிப்படும். அதனால், விளக்கு, மோட்டார் போன்றவற்றுக்கு மிகுந்த மின்னோட்டத்தைக் கொண்டுசெல்லும் கம்பியானால், இரு நுனிகளையும் கழற்றித் தனிப்படுத்தி, அதன் வழியாக ஒரு சிறு பல்பை எரியவிட்டுப் பார்ப்பார்கள். பல்பு மங்கினால் கம்பி மெலிந்தது என்பது பொருள். ஊசியால் உறையைக் குத்திச் சோதிக்கும் பழக்கமும் சிலரிடம் உண்டு. அந்தத் துளை வழியே ஈரம் புகுந்து செம்பை அரிக்கும். சோதனையே புதிய பழுதுக்கு விதையாகிவிடும்.

என் மாணவர் அறுந்த பகுதியை வெட்டி எடுத்து, புதிய கம்பித் துண்டை இணைத்துப் பற்றவைத்து, உறையிட்டு, தாங்கியில் உரசாதபடி சற்றுத் தளர்வாக விலக்கிக் கட்டினார். பழைய ஸ்விட்சையே மீண்டும் பூட்டினார். "புதியதை வைத்துக்கொள்ளுங்கள், ஐயா, பிறகு உதவும்," என்றார். கம்பித் துண்டின் விலை பத்து ரூபாய்க்கு மேல் இராது. அந்த வண்டி அதன்பின் ஒருமுறையும் அவ்வாறு நிற்கவில்லை.

அறுந்த கம்பித் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மறுநாள் முதற் பட்டறைக்குச் சென்றேன். உரிமையாளர் முன் அதை வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் நெடுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாங்கள் அளந்து பார்க்கவில்லை, ஐயா," என்று மட்டும் சொன்னார். அடுத்த மாத ஊதியத்தில் பிடித்த பணத்தைச் சேர்த்துக் கொடுத்துவிட்டார் என்று பிறகு அறிந்தேன். அந்த இளைஞனைத் தனியே அழைத்து, "தம்பி, நீ சொன்னதை நான் நம்பியிருக்க வேண்டும்," என்றேன். அவன், "நம்ப வேண்டாம், ஐயா, சோதித்துப் பார்த்திருந்தால் போதும்," என்றான். ஆசிரியனாக இருந்த எனக்கு அதனினும் நல்ல பாடத்தை யாரும் கற்பித்ததில்லை.

வீடு திரும்பும் வழியில் வேறொரு எண்ணம் என்னைத் தைத்தது. ஓம் விதியை இருபது இருபத்தைந்து வகுப்புகளுக்கேனும் கற்பித்திருப்பேன். என் வண்டியில் பழுது வந்தபோது அதனை நான் நினைக்கவே இல்லை; ஒரு மீட்டரைக் கொண்டு ஐந்து நிமிடம் அளந்து பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை. யாரோ சொன்னதை நம்பினேன். தேர்வில் விடை எழுதுவதற்கு ஒரு விதி, வாழ்க்கையில் முடிவு செய்வதற்கு வேறொரு விதி என்று நாம் வைத்துக்கொண்டிருக்கின்றோம். என் வகுப்பில், கேட்ட கேள்விக்கு விடை வராதபோது, மாணவனிடம் குறையா, என் கேள்வி அவனைச் சென்றடையும் வழியில் குறையா என்று எத்தனை முறை பிரித்துச் சோதித்திருப்பேன்? கடைசிப் பெஞ்சில் இருந்தவனுக்குக் கரும்பலகை தெரிந்ததா என்று எப்போதேனும் கேட்டிருப்பேனா? இதற்கு என்னிடம் நல்ல விடை இல்லை.

உங்களுள் பலர் நாளை பொறியாளர்களாகவும், மருத்துவர்களாகவும், மேலதிகாரிகளாகவும் வருவீர்கள். ஏதேனும் ஒன்று செயற்படாமல் நிற்கும்போது இந்த வரிசையை நினைவில் கொள்ளுங்கள். எப்போது, எந்த நிலையில் பழுது தோன்றுகின்றது என்று முதலில் கேளுங்கள். உறுப்பைத் தனியே சோதியுங்கள். அதற்குச் செல்லும் வழியையும் தனியே சோதியுங்கள். பழுது தோன்றும் நிலையை உண்டாக்கி, அந்நிலையில் அளந்து பாருங்கள். ஒரு சோதனை சொன்னதை மற்றொரு சோதனையால் உறுதி செய்யுங்கள். அதன்பின் மாற்ற வேண்டியதை மாற்றுங்கள். அதுவரையில் எந்தப் பாகத்தையும், எந்த மனிதனையும் குற்றவாளி என்று சொல்லாதீர்கள்.

அந்தக் கம்பித் துண்டு இன்றும் என் மேசைமேல் இருக்கின்றது. வெளியே உறை முழுமையாகவும், உள்ளே செம்பு அறுந்தும் இருக்கும் அதை, வீட்டிற்கு வரும் மாணவர்களுக்கு எடுத்துக் காட்டுவது என் வழக்கம். உங்களுக்கும் காட்ட இயலவில்லையே என்பதுதான் குறை. சொல்லால் காட்டிவிட்டேன் என்று நம்புகின்றேன்.